ஒரே பள்ளத்தில் இரண்டு ஒலிகள்

இசைத்தட்டு சுழல்கிறது. ஊசி இறங்குகிறது. பாட்டும் கேட்கிறது. ஆனால் இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்றுதான் பாடுகிறது. மற்றது ஊமையாக நிற்கிறது. இசைத்தட்டுகளின் மேல் மக்களுக்கு மீண்டும் ஆசை பிறந்திருப்பதால் இந்தப் பழைய கோளாறும் புதிதாக வீடு தேடி வரத் தொடங்கியிருக்கிறது. தாத்தா காலத்துக் கருவியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிவிட்டு, "சார், ஒரு பக்கம் மட்டும்தான் பாடுது" என்று வரும் மாணவர்களிடம், திருப்புளியைக் கீழே வை என்றுதான் முதலில் சொல்வேன். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஊசி ஒன்று, அது ஓடும் பள்ளமும் ஒன்று. அப்படியிருக்க இரண்டு ஒலிகள் எங்கிருந்து வருகின்றன? அவற்றுள் ஒன்று மறைந்த பிறகும் மற்றது மட்டும் எப்படிப் பிழைத்திருக்கிறது?

இதற்கு விடை தெரிந்தவருக்குப் பழுது எங்கே என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அந்த விடை உருவான வரலாற்றைப் பார்த்துவிட்டுப் பழுதுக்கு வருவோம்.

எடிசன் 1877-ஆம் ஆண்டில் செய்த போனோகிராபில், உருளையைச் சுற்றிய வெள்ளீயத் தகட்டின் மேல் ஊசி மேலும் கீழுமாக அசைந்து மேடுபள்ளங்களை உண்டாக்கியது. பத்தாண்டுகள் கழித்து எமில் பெர்லினர் தட்டையான தட்டைக் கொண்டுவந்தபோது ஊசியின் அசைவையும் மாற்றினார். அவருடைய கிராமபோனில் பள்ளத்தின் ஆழம் மாறுவதில்லை. ஊசி இடமும் வலமுமாக நெளிந்து ஓடுகிறது. மேல்கீழ் அசைவு சிறந்ததா, பக்கவாட்டு அசைவு சிறந்ததா என்று இரு கட்சிகளும் நெடுங்காலம் வாதிட்டன. கடைசியில் வணிகத்தில் வென்றது பக்கவாட்டு அசைவே. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகள், ஆகவே ஒன்றை ஒன்று தொடாமல் ஒரே ஊசியில் குடியிருக்க முடியும் என்ற எண்ணம் அந்த வாதத்தின்போது எழவில்லை. வெக்டர் கூறுகளைப் பற்றிப் படித்திருக்கும் உங்களுக்கு இது எளிதாகத் தோன்றும். பிறர் கண்டு சொன்ன பிறகு எல்லாமே எளிதுதான்!

இரண்டு காதுகளுக்கும் தனித்தனி ஒலி தர வேண்டும் என்ற ஆசை மட்டும் பழையது. 1881-ஆம் ஆண்டில் பாரிஸ் மின்பொருட்காட்சியில் கிளெமான் ஆடெர் என்பவர் ஆபரா மேடையின் முன்பகுதியில் வரிசையாகத் தொலைபேசிப் பேசிகளை வைத்தார். கண்காட்சியில் இருந்தவர்கள் காதுக்கு ஒன்றாக இரண்டு கேட்பான்களை வைத்துக்கொண்டு, பாடகர் மேடையில் இடம்விட்டு இடம் நகர்வதைக் காதாலேயே உணர்ந்தார்கள். நம் காதுகள் இதை எப்படி அறிகின்றன என்பதை 1907-ஆம் ஆண்டில் ராலே பிரபு விளக்கினார். இடப் பக்கமிருந்து வரும் ஒலி வலக் காதைச் சற்றுத் தாமதமாக எட்டுகிறது. தாமதம் மிகமிகச் சிறியது. ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தாழ்ந்த சுரங்களுக்கு மூளை இந்தத் தாமதத்தைக் கணக்கில் கொள்கிறது. உயர்ந்த சுரங்களுக்கோ தலையே ஒரு சுவராக நின்று மறைப்பதால், தொலைவிலுள்ள காதில் ஒலி மங்கலாக விழுகிறது. அந்த வேறுபாடு மூளைக்குப் போதுமானதாகிறது.

இனி நம் கதாநாயகரிடம் வருவோம். ஆலன் டவர் புளும்லைன் 1903-ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்தவர், மின்பொறியாளர். 1929-ஆம் ஆண்டில் கொலம்பியா கிராபோபோன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1931-ஆம் ஆண்டில் அந்த நிறுவனமும் எச்.எம்.வி. நாய்ச் சின்னத்துக்குரிய கிராமபோன் கம்பெனியும் இணைந்து ஈ.எம்.ஐ. ஆயின. பேசும் படம் அப்போது புதிது. நடிகர் திரையின் ஒரு கோடியில் நிற்கிறார், குரலோ வேறோர் இடத்திலிருந்து வருகிறது. மனைவியுடன் படம் பார்க்கச் சென்ற புளும்லைனை இந்தப் பொருத்தமின்மை உறுத்தியதாகவும், இதைத் தீர்க்க வழியிருக்கிறது என்று அவர் அங்கேயே சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. உறுத்தல் எங்கே தொடங்கியிருந்தாலும், 1931 டிசம்பர் 14-ஆம் நாள் அவர் ஒரு காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தார். எண் 394,325. அதில் 70 உரிமைக் கோரிக்கைகள் இருந்தன. ஒலிவாங்கிகளை எப்படி ஜோடியாக வைப்பது, இரண்டு ஒலிகளையும் கூட்டியும் கழித்தும் எப்படித் திருத்துவது, படச்சுருளில் எப்படிப் பதிவது, ஒரே பள்ளத்தில் எப்படி வெட்டுவது என்று இன்றைய ஸ்டீரியோவின் அடிப்படைகள் அனைத்தும் அந்த ஒரே ஆவணத்தில் அடங்கியிருந்தன. ஸ்டீரியோ என்ற சொல்லைக்கூட அவர் ஆளவில்லை; இருகாது ஒலி என்றே எழுதினார்.

பள்ளத்தில் வெட்டுவதற்கு அவர் இரண்டு வழிகளைச் சொன்னார். முதல் வழியில் ஒரு ஒலி பக்கவாட்டு அசைவாகவும் மற்றது மேல்கீழ் அசைவாகவும் பதியப்படும். இரண்டாவது வழியில் இந்த இரண்டு திசைகளும் அப்படியே 45 பாகை சாய்க்கப்படுகின்றன. ஆங்கில எழுத்து 'வி' போன்ற பள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு சுவர்களும் கிடைமட்டத்துக்கு 45 பாகை சாய்ந்தவை. தங்களுக்குள் 90 பாகைக் கோணத்தில் நிற்பவை. தட்டின் மையத்தை ஒட்டிய உட்சுவரில் இட ஒலியும், விளிம்பை ஒட்டிய வெளிச்சுவரில் வல ஒலியும் எழுதப்படுகின்றன. உட்சுவர் ஊசியைத் தள்ளும்போது அது வெளிச்சுவரின் மேலேயே வழுக்கிச் செல்வதால் வெளிச்சுவரின் ஒலிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஊசியின் மறுமுனையில் இரண்டு கம்பிச்சுருள்களை இதே கோணத்தில் வைத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனக்குரிய சுவரின் அசைவை மட்டும் மின்னழுத்தமாக்கித் தரும். இவ்வளவும் தலைமுடியின் பருமனே உள்ள ஒரு பள்ளத்தில் நடக்கிறது.

1934 ஜனவரியில் இலண்டன் ஆபி ரோடு பதிவகத்தில், தாமஸ் பீச்சம் நடத்திய வாத்தியக்குழு மோட்சார்ட்டின் ஜூபிடர் சிம்பனியை வாசித்தபோது, புளும்லைன் அதை இரண்டு ஒலிகளாகவே பதிவு செய்தார். கருத்து சரியென்று காதாலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பின்? ஒன்றுமில்லை. அது பொருளாதார மந்தக் காலம். 78 சுற்று அரக்குத் தட்டின் இரைச்சலில் இத்தகைய நுட்பம் கரைந்துபோகும். ஈ.எம்.ஐ.யின் கவனமோ தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிவிட்டது. 1936-ஆம் ஆண்டில் பி.பி.சி. தொடங்கிய 405 வரித் தொலைக்காட்சியின் பின்னாலிருந்த குழுவில் புளும்லைனும் ஒருவர். அடுத்துப் போர் வந்தது. விமானத்திலிருந்து இருட்டிலும் மேகத்தினூடும் தரையைப் பார்க்க உதவும் எச்2எஸ் என்னும் ராடார் கருவியைச் சோதிப்பதற்காக அவர் ஏறிச் சென்ற ஹாலிபாக்ஸ் விமானம் 1942 ஜூன் 7-ஆம் நாள் இங்கிலாந்தின் ஹியர்போர்டுஷயரில் எரிந்து விழுந்தது. பதினொரு பேர் மாண்டனர். புளும்லைனுக்கு வயது 38. எஞ்சினில் வால்வு ஒன்றின் பூட்டு நட்டு சரியாக முடுக்கப்படாததே தீப்பற்றக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. ராடார் இரகசியத்தைக் காக்க வேண்டியிருந்ததால் இந்தச் சாவு பற்றி அப்போது வெளியே பேசப்படவில்லை. அவர் பெயரில் 128 காப்புரிமைகள் இருந்தன. ஆனால் பல ஆண்டுகள் வரை இசைத்தட்டு வாங்கும் எவருக்கும் அவர் பெயர் தெரியாது. அறிவியல் வரலாற்றில் இது அரிய நிகழ்ச்சி அன்று என்றாலும், படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கத்தான் செய்கிறது.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆர்தர் கெல்லரும் 1930-களில் தனியாக இதே பாதையில் நடந்தவர். லியோபோல்டு ஸ்டொகோவ்ஸ்கியின் பிலடெல்பியா வாத்தியக்குழுவை 1932-ஆம் ஆண்டிலேயே இரண்டு வழி ஒலியாகப் பதிந்தார்கள். அந்தத் தட்டில் பள்ளமும் இரண்டு.

1948-ஆம் ஆண்டில் வினைல் என்னும் பிளாஸ்டிக்கில் நுண்பள்ளம் வெட்டிய நெடுநேரத் தட்டு வந்தபின் நிலைமை மாறிற்று. இரைச்சல் அடங்கியது. 1952-ஆம் ஆண்டில் எமரி குக் என்பவர் ஒரே தட்டில் இரண்டு தனிப் பள்ளங்களை வெட்டி, இரட்டைத் தலைக் கையால் வாசிக்கும்படி தட்டுகளை விற்றார். இரண்டு ஊசிகளையும் இரண்டு பள்ளங்களில் ஒரே சமயத்தில் சரியாக இறக்குவதற்கு வீட்டுக்காரர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். தட்டில் பாதி இடமும் வீண். இது நிலைக்கவில்லை.

1957-ஆம் ஆண்டில் போட்டி சூடுபிடித்தது. இங்கிலாந்தின் டெக்கா நிறுவனம் பக்கவாட்டும் மேல்கீழுமான முறையை முயன்று வந்தது. அமெரிக்காவின் வெஸ்ட்ரெக்ஸ் நிறுவனம் 45 பாகைச் சுவர்முறையில் வெட்டும் கருவியைக் காட்டியது. எது வெல்லும்? நம்முடைய ஊமை ஒலிபெருக்கிக்கு இந்த இடம் மிக முக்கியம் என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

டெக்கா முறையில் இரண்டு ஒலிகளும் சமமானவை அல்ல. மேல்கீழ் அசைவுக்கு வரம்பு குறைவு. ஊசி கொஞ்சம் மேலே எம்பினாலே பள்ளத்தை விட்டுத் தாவிவிடும். மோட்டாரின் அதிர்வும் அந்தத் திசையில் எளிதாக ஏறிவிடும். எனவே ஒரு பக்கத்து ஒலி எப்போதும் மற்றதைவிடத் தாழ்ந்ததாகவே இருக்கும். அதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. வீடுகளிலிருந்த பழைய கருவிகளெல்லாம் பக்கவாட்டு அசைவை மட்டுமே கேட்பவை. அவற்றில் இந்தத் தட்டை வைத்தால் ஒரு பக்கத்து ஒலி மட்டுமே வரும். மற்றப் பாதி அடியோடு காணாமல் போகும். இன்று நாம் கோளாறு என்று சொல்வது அந்த முறையில் எல்லாப் பழைய கருவிகளுக்கும் நிரந்தர நிலையாகியிருக்கும்!

சுவர்முறையிலோ இரண்டு ஒலிகளும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் ஒரே சாய்வு, ஒரே அளவு. மேலும் ஓர் அழகான ஏற்பாட்டைச் செய்தார்கள். இரண்டு ஒலிகளும் ஒன்றாக இருக்கும்போது இரு சுவர்களும் ஒரே பக்கமாக நகரும்படி, ஒரு பக்கத்தின் மின் திசையை மட்டும் மாற்றி அமைத்தார்கள். அப்போது ஊசி இடவலமாக மட்டுமே அசையும். அதாவது, பக்கவாட்டு அசைவு என்பது இட ஒலியும் வல ஒலியும் கூடிய கூட்டல். மேல்கீழ் அசைவு என்பது அவற்றின் கழித்தல். பழைய கருவி கூட்டலைக் கேட்கும், எதுவும் இழப்பில்லை. பழைய தட்டைப் புதிய கருவியில் வைத்தால் இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே அளவில் பாடும். 1957-ஆம் ஆண்டின் இறுதியில் ஆடியோ பிடிலிட்டி என்னும் சிறு நிறுவனம், ஒரு பக்கம் ஜாஸ் இசையும் மறுபக்கம் இரயில் ஓசைகளும் கொண்ட சோதனைத் தட்டை வெஸ்ட்ரெக்ஸ் கருவியில் வெட்டி வெளியிட்டது. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலின் சங்கம் இம்முறையையே பொதுத்தரமாக ஏற்றது. பிரிட்டனில் புளும்லைனின் காப்புரிமைக் காலம் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது.

ஊமைப் பக்கத்தைத் தேடுவோம்

இரட்டைப் பிள்ளைகள் என்றேன் அல்லவா? உட்சுவர், அதற்கொரு கம்பிச்சுருள், இரண்டு கம்பிகள், ஒரு பிளக், ஆம்ப்ளிபையரில் பாதி, ஒரு ஒலிபெருக்கி. வெளிச்சுவருக்கும் அச்சு அசலாக இதே வரிசை. ஆகவே எந்த இடத்திலும் இடத்தையும் வலத்தையும் தடம் மாற்றி இணைக்கலாம். அப்படி மாற்றும்போது ஊமைத்தனம் ஒரு ஒலிபெருக்கியிலிருந்து மற்றதற்குத் தாவினால், பழுது மாற்றிய இடத்துக்கு முன்னால், ஊசியின் பக்கம் இருக்கிறது. தாவாமல் அதே ஒலிபெருக்கியில் நின்றால், பழுது மாற்றிய இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. இந்த ஒரு விதி போதும்.

முதலில் பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேருடைய பழுது இங்கேயே தீர்ந்துவிடுகிறது. பிறகு அதே ஆம்ப்ளிபையரில் வானொலியையோ கைபேசியையோ இணைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பாடினால் ஒலிபெருக்கிகள் குற்றமற்றவை. அடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிபையரின் போனோ வாயில் செருகியிருக்கும் சிவப்புப் பிளக்கையும் வெள்ளைப் பிளக்கையும் இடம் மாற்றுங்கள். ஊமை தாவவில்லையா? குறை ஆம்ப்ளிபையரின் போனோ பகுதியில். தாவியதா? இசைத்தட்டுக் கருவியைப் பார்க்க வேண்டும்.

கருவியின் கைநுனியில் ஊசியைத் தாங்கும் சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். அதன் பின்புறம் நான்கு முனைகள். வெள்ளையும் நீலமும் இடத்துக்கு. சிவப்பும் பச்சையும் வலத்துக்கு. மெல்லிய இடுக்கியால் வெள்ளையைச் சிவப்போடும், நீலத்தைப் பச்சையோடும் இடம் மாற்றுங்கள். சில கார்ட்ரிட்ஜ்களில் ஒரு முனையை உலோக உடலோடு சேர்க்கும் சிறு தகடு இருக்கும். அதைப் பிடுங்க வேண்டாம். இப்போது ஊமை தாவினால் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சுருள் அறுந்துவிட்டது. ஊசியை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஏனென்றால் காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜில் ஊசியோடு சேர்ந்த காந்தமே இரண்டு சுருளுக்கும் பொது. அது கெட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்தே கெடும். ஒரு பக்கம் முழுதும் மறைந்தால் குற்றவாளி சுருள் அல்லது கம்பியே.

தாவவில்லை என்றால் பெரும்பாலும் கைநுனிக் கூடு கையோடு பொருந்தும் இடத்திலுள்ள நான்கு சிறு ஊசிமுனைகள்தாம் காரணம். இங்கே ஓர் இயற்பியல் உண்மை ஒளிந்திருக்கிறது. வீட்டு விளக்குச் சுவிட்சிலும் உலோகத்தின் மேல் மாசுப் படலம் படிகிறது. ஆனால் 230 வோல்ட் அழுத்தம் அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். கார்ட்ரிட்ஜ் தருவதோ ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். கண்ணுக்குத் தெரியாத படலமே அதற்குக் கோட்டைச் சுவர். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துச் சாராயம் தோய்த்த பஞ்சால் துடைத்தால் பல கருவிகள் அந்த நிமிடமே இரு வாயாலும் பாடுகின்றன.

காதும் துப்புக் கொடுக்கும். ஊமைப் பக்கத்தில் 'உம்ம்ம்' என்ற மின் இரைச்சல் கேட்டால் கம்பி எங்கோ அறுந்து ஆம்ப்ளிபையரின் வாய் திறந்து கிடக்கிறது என்று பொருள். மயான அமைதியாக இருந்தால் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் பிளக்கை வெளியே எடுத்து நடுமுனைக்கும் ஓட்டுக்கும் இடையே அளக்கலாம். காந்தம் அசையும் வகையில் சில நூறு ஓம் முதல் ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை வரும். முக்கியமானது அளவு அன்று, இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்பதே. பழைய மலிவுக் கருவிகளில் ரோஷெல் உப்புப் படிகக் கார்ட்ரிட்ஜ்கள் இருக்கும். அந்த உப்புக்கு ஈரமும் வெப்பமும் ஆகாது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பரணில் கிடந்த படிகத்தில் உயிர் இருந்தால் அது வியப்பே.

ஒரு பக்கம் அடியோடு மறையாமல் கரகரத்தால் கதை வேறு. சுழலும் தட்டு கையை மையத்தை நோக்கி இழுப்பதால் ஊசி உட்சுவரை அழுத்தி வெளிச்சுவரைக் கைவிடப் பார்க்கும். வலப் பக்கம் முதலில் கரகரக்கும். இந்த இழுப்பை ஈடுசெய்யும் திருகு கையின் அடியில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரு பக்கம்தானே, பாட்டு கேட்டால் போதாதா என்பவர்களுக்கு ஒரு சோதனை. பீட்டில்ஸ் குழு 1963-ஆம் ஆண்டில் அதே ஆபி ரோடு பதிவகத்தில் பதிந்த முதல் தட்டின் ஸ்டீரியோப் பதிப்பில் பெரும்பாலும் குரல்கள் வலத்திலும் வாத்தியங்கள் இடத்திலும் உள்ளன. வலப் பக்கம் ஊமையானால் பாடகர்களைத் தேட வேண்டியதுதான்.

எல்லாம் சரியானபின் கம்பிகளைப் பழையபடி செருகும்போது கவனம் தேவை. சிவப்பும் பச்சையும் மட்டும் தங்களுக்குள் தலைகீழானால் இரண்டு ஒலிபெருக்கிகளும் பாடத்தான் செய்யும். ஆனால் தாழ்ந்த சுரங்கள் மெலிந்து, நடுவில் நிற்க வேண்டிய பாடகர் எங்கும் நிற்காமல் மிதப்பார். ஆம்ப்ளிபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். கூட்டலாக இருக்க வேண்டியது கழித்தலாகிவிட்டதால் குரல் ஏறக்குறைய மறைந்துவிடும். அந்த இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். பாடகர் நடுவில் வந்து நிற்பார்.